எத்தனை கிலோ?

கொலோன் ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள். இளையவளின் சப்பாத்தில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

“பல்கனியில அல்பாக்கா வளர்க்கேலாதோ, அக்கா?”

“விசரே உனக்கு? அந்த நீளக் கழுத்துக் கம்பளி மிருகத்தையோ?”

“நான் வேலை செய்யிற பண்ணையைப் பூட்டப்போகினம். மற்றதெல்லாத்தையும் வித்தாச்சு. இவன் ஒருத்தன்தான் மிச்சம். நாளைக்கு ஒராள் வந்து ஏத்திக்கொண்டு போறாராம்.”

“நல்லதுதானே. பிறகேன் யோசிக்கிறாய்?”

“ஃபோனில அந்தாள் இவன்ர பேரைக் கேக்கேல்லை. என்ன தின்னும் எண்டு கேக்கேல்லை. எத்தனை கிலோ எண்டு மட்டும் கேட்டவர்.”

“முதலாளிட்டச் சொன்னியோ?”

“சொன்னனான். அவர் என்ர முகத்தைப் பாக்கேல்லை.”

அக்கா யன்னல் பக்கம் திரும்பினாள். நானும் திரும்பிக்கொண்டேன்.

“தீன் வாளியைத் தட்டினாப் போதும், அக்கா. ஆர் வந்தாலும் வண்டியில ஏறிடுவான்.”