எடுத்தது கட்டியைத்தான்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண்ணும் அவள் கணவனின் அக்காவும். வளைகாப்புக்குப் போகிறார்கள், வளையல் பெட்டி இளையவள் மடியில் இருந்தது.

“ஏட்டி, நீ வளையல் போட வராத. பின்னால நின்னுக்கோ.”

“ஏன் மதினி?”

“ஒனக்குக் கர்ப்பப்பைய எடுத்தாச்சுன்னு சொந்தக்காரங்ககிட்டல்லாம் சொல்லிட்டோம்ல.”

“எடுத்தது கட்டியத்தான். பை எனக்குள்ள பத்திரமா இருக்கு.”

“கர்ப்பப்பை ஆபரேசன்னதும் எடுத்துட்டாகன்னு நெனச்சுட்டோம்.”

“அபூர்வமான கட்டி, பையோட எடுத்துருவோம்னுதான் மொத டாக்டர் சொன்னாக. நாந்தான் ஒத்துக்கிடல. கட்டிய மட்டும் எடுக்கத் தெரிஞ்ச டாக்டரத் தேடி மதுரைக்குப் போனேன். இப்பவும் மூணு மாசத்துக்கு ஒருக்க ஸ்கேன் எடுக்கேன்.”

“திரும்ப வந்துச்சுன்னா?”

“வந்தா அன்னைக்குப் பாத்துக்கிடுதேன்.”

“இனி எல்லார்கிட்டயும் எப்படி மாத்திச் சொல்ல?”

“மொதல்ல சொன்ன வாயாலயே சொல்லுங்க.”

மதினி குரலைத் தாழ்த்தினாள். “சரிட்டி, பை இருந்தும் பிள்ள உண்டாகலன்னா?”

இவள் குரலைத் தாழ்த்தவில்லை. ஓட்டுநர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

“உண்டாகாட்டியும் நாந்தான் மொத வளையல் போடுவேன். வளையலக் கையால போடுதோமா, கர்ப்பப்பையாலயா?”