மூளைக்குள் சிக்கிய கம்பி

"எங்க நைனா மூளைக்குள்ள கம்பி சிக்கிக்கினு கீதுடா."

கும்மிடிப்பூண்டியில் கிளம்பிய மாலை ரயிலில், எனக்கு எதிரே இரும்பாலை யூனிஃபார்மில் இரண்டு பேர். சொன்னவர் தாடிக்காரர். வேர்க்கடலையை மென்றுகொண்டிருந்த வழுக்கைத் தலையர் நிமிர்ந்தார்.

"இன்னாடா சொல்ற?"

"டாக்டரு சொன்னாரு. மூளை செல்லுக்குள்ள, இதோ நம்ம கீழ கீற மாதிரி தண்டவாளம் கீதாம். அதுலதான் செல்லுக்கு சோறு போவுமாம். தண்டவாளத்த புடிச்சிக்கினு இருந்த புரோட்டீனு கயண்டுக்கினு, ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கிச்சாம். சோறு போவல, செல்லு செத்துடுது."

"நம்ம மில்லுல பழுக்க காஞ்ச கம்பி தடம் மாறி எகிறி, நூடுல்ஸ் மாதிரி சுத்திக்குமே?"

"அதேதான்!"

"கட்டர் வெச்சி அறுத்துட்டு லைன ஓட்ட வேண்டிதான?"

"கேட்டேனே! செத்த செல்லுக்கு ஸ்பேர் இல்லன்ட்டாரு."

இருவரும் சிரித்த சிரிப்பில் கடலைப் பொட்டலம் கவிழ்ந்தது.

"உன்னயாச்சும் தெரியுதா அவருக்கு?"

"எங்க? காலைல யூனிஃபார்மோட நிக்கிறேன், யாருப்பா நீன்றாரு. அவரு அந்தக் காலத்து ஃபோர்மேன் இல்ல? வேல கேட்டு வந்தேன் சார்னேன்."

"டேய்!" வழுக்கையர் தொடையில் அடித்துக்கொண்டார். "வேல குடுத்தாரா?"

"மொதல்ல மொறச்சாரு. சேஃப்டி ஷூ போட்டுக்கினு கீறனான்னு பாத்தாரு. அப்பால பேரு கேட்டாரு, சொன்னேன். அவ்ளோதான், கைய புடிச்சிக்கினாரு. எம்புள்ள பேரும் அதான்டா, இன்னிக்கே சேந்துக்கோன்னுட்டாரு."