ஒரு முழக் கைப்பிடி

விடியற்காலை நான்கு மணி நாற்பது நிமிடம். பாகோங்கிலிருந்து துமகெத்தே போகும் கடற்கரைச் சாலை. எதிரே ஒரு வண்டி இல்லை… ஒரு நாய்கூட இல்லை.

இது நம் லிகாயாவின் பெரியப்பா மகளுக்கு நடந்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பெயர் நெலிதா. வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்து தருகிறவள். எந்தச் சுவர் போக வேண்டும், எங்கே வெளிச்சம் விழ வேண்டும் என்பதெல்லாம் அவள் முடிவு. மரவேலை மட்டும் அண்ணன் தெல்பினுடையது. அந்த தெல்பின்தான் இப்போது பாகோங்கில், அம்மா வீட்டுக் கூடத்தில், பெட்டிக்குள் கிடந்தான். நாற்பத்தாறு வயது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

மூன்று இரவுகள் நெலிதா விழித்திருந்தாள். அழவில்லை. வந்தவர்களுக்கு ரொட்டியும் காப்பியும் கொடுத்தாள். கிளம்பும்போது, சீட்டாடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் தலை நிமிராமல் சொன்னார்.

“நேரா வீட்டுக்குப் போயிடாத இண்டாய், பொண்ணே. எங்கயாச்சும் நின்னுட்டுப் போ. இல்லேன்னா உன் அண்ணன் பின்னாலயே வந்துடுவான். வந்து, உன் வீட்டு அலமாரிய எல்லாம் கழட்டி மறுபடி மாட்ட ஆரம்பிச்சிடுவான்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நெலிதாவும் சிரித்தாள் என்றுதான் சொல்கிறார்கள்.

நமக்கெல்லாம் தெரிந்ததுதான். இழவு வீட்டிலிருந்து கிளம்பினால் வழியில் இறங்க வேண்டும். நாலு பேர் நடமாடும் இடத்தில். அந்தக் கூட்டத்தில் செத்தவருக்கு நம் தடம் தவறிவிடும். அவர் தன் வீட்டுக்கே திரும்பிவிடுவார்.

ஆனால் ரொட்டிக் கடை பூட்டியிருந்தது. பெட்ரோல் பங்கில் விளக்கு இல்லை. கைப்பையில், அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு வீட்டின் சாவி இருந்தது.

கடலைப் பார்த்த இரண்டு தளக் குடியிருப்பு. ஏழு மாத வேலை. கீழே தடுப்புகளை எல்லாம் இடித்து ஒரே கூடமாக்கியிருந்தாள். சுவர்களுக்குச் சோற்று வெள்ளை. ஜன்னல்களில் மெல்லிய சிப்பித் தகடுகள். நடுவில் தெல்பினின் படிக்கட்டு. பதின்மூன்று படிகள். பொன், வெள்ளி, சாவு… பொன், வெள்ளி, சாவு என்று எண்ணிக்கொண்டு ஏறினால் கடைசிப் படி பொன்னில் நிற்கும். அதற்காக எல்லாப் படிகளின் உயரத்தையும் அவன் இரண்டு முறை மாற்றினான். கைப்பிடியில் ஓர் ஆணிகூடக் கிடையாது. மேல் வளைவில் ஒரு முழம் மட்டும் இன்னும் சொரசொரப்பாக இருந்தது. அதைத் தேய்த்து முடிப்பதற்குள்தான் அவனுக்கு நெஞ்சு வலி வந்தது.

நெலிதா கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். பத்து நிமிடம். குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினாள்.

அந்த வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை. கூட்டம் இல்லை. தடம் தவற வழியே இல்லை. இதெல்லாம் அவளுக்கு அப்போது தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை.

அடக்கம் முடிந்தது. ஒன்பதாம் நாள் அம்மா வாசலுக்கு உள்ளே, மேசை வரை, அடுப்புச் சாம்பலைத் தூவினாள். மேசையில் சோறும் பொரித்த மீனும் வைத்தாள். வருகிறவனின் கால் சாம்பலில் பதிய வேண்டும். காலையில் சாம்பல் தூவியபடியே இருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். அம்மா கதவைச் சாத்துவதை நிறுத்தினாள். பிறகு படுப்பதை. பிறகு சாப்பிடுவதை. மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

“தினம் அவன் சோத்த எடுத்து நாய்க்குப் போடுறேன். பெத்தவ கையால. அன்னிக்கு வந்த எவளோ அவனக் கூட்டிட்டுப் போயிட்டா. அவன் வந்து ஒரு வாய் சாப்பிடாம எனக்கு இறங்காது. நீ எங்க நின்ன?”

“ரொட்டிக் கடையில” என்றாள் நெலிதா.

பதினைந்தாம் நாள் அவள் அந்தக் குடியிருப்புக்குப் போனாள். வீட்டுக்காரர் விஸ்காரா குடி வந்துவிட்டிருந்தார். கப்பலில் முப்பது வருடம் சமைத்தவர். தனி ஆள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கத்தியால் மாடியைக் காட்டினார்.

“மத்தியானம் மூணு மணிக்கு ஆரம்பிக்கும். சர்… சர்… கொஞ்சம் நிக்கும். தூள ஊதுற சத்தம். மறுபடி சர்…”

“பயமா இல்லையா சார்?”

“கூலி கேக்காம வேலை பாக்குறவன எவன் விரட்டுவான்? சாப்பிட்டியான்னு கேட்டேன். பதில் இல்ல. கப்பல்லயும் பாதிப் பேரு அப்படித்தான்.”

அவள் ஏறிப் போனாள். வளைவில் கை வைத்தாள். அந்த ஒரு முழம் வழவழவென்றிருந்தது. விரலில் மாவு போல மரத்தூள். கற்பூரத் தைல வாசனை… தோள் வலிக்கு தெல்பின் பூசுவது. அழுகை வரும் என்று சிறிது நேரம் நின்றாள். வரவில்லை.

“சார், இது என் அண்ணன். நான்தான் தெரியாம விட்டுட்டேன். அங்க அம்மா பட்டினி கிடக்காங்க. இன்னிக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்.”

விஸ்காரா கத்தியைக் கீழே வைத்தார். “அம்மான்னா கூட்டிட்டுத்தான் போகணும்” என்றார்.

விருந்து வீட்டிலிருந்து கிளம்பும்போது, குழந்தையின் உயிர் அங்கேயே தங்கிவிடாமலிருக்கப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோமே, அப்படித்தான் கூப்பிட்டாள். ஆனால் தெல்பின் என்ற பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை.

“அண்ணா, வா. வீட்டுக்குப் போகலாம்.”

மூன்று முறை. கடல் பக்கத்துக் கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. மூன்றாவது முறை கூப்பிட்டபோது அலைச் சத்தம் ஒரு கணம் நின்றது.

வண்டியின் பின்பக்கம், ஆள் ஏறினாற்போல், அமுங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வழியெல்லாம் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். தைல வாசனை இல்லை. பாசி வாசனை. கடற்கரைச் சாலைதானே, ஜன்னல் திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஜன்னல் மூடியிருந்தது.

பாகோங் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவள் வாசலில் ஒதுங்கி நின்றாள். சாம்பலில் ஒரு பாதம் விழுந்தது. பிறகு அடுத்தது. மேசை வரை.

அம்மா குனிந்து பார்த்தாள்.

“வந்துட்டான்.”

இத்தனை நாளுக்குப் பிறகு முதல் முறையாகக் கதவைச் சாத்தினாள். தாழும் போட்டாள். இன்னொரு தட்டை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தாள். ஒரு கவளம் பிசைந்து வாயில் வைத்தாள். அது இறங்கியது.

நெலிதா குனிந்து சாம்பலைத் தொட்டாள். ஈரமாக இருந்தது.

“மெதுவா சாப்பிடுடா. முள்ளு இருக்கு” என்றாள் அம்மா.

எதிர்த் தட்டில் முள் முறியும் சத்தம் கேட்டது. நிதானமாக. ஒவ்வொன்றாக.

நெலிதாவின் கைபேசி அடித்தது. விஸ்காரா. அவர் குரலுக்குப் பின்னால்… சர்… சர்… கொஞ்சம் நின்றது. ஊதும் சத்தம்.

“என்ன இண்டாய், கூட்டிட்டுப் போறேன்னியே… அவன இங்கயே விட்டுட்டுப் போயிட்டியா?”