ஹீட்டர் எந்தக் குவியலில்

உப்புநீர் மீன்தொட்டியைப் பழையதாக வாங்குகிறவர்கள் தொட்டியைப் பார்த்து மயங்கிவிடுவார்கள். அது தப்பு, ஐயா. கண்ணாடிப் பெட்டி எங்கும் கிடைக்கும். கூட வரும் தட்டுமுட்டுச் சாமான்களில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

நம் புர்காஸ் ஊரில் ஜன்னலைத் திறந்தாலே கடல். வீட்டுக்குள் இன்னொரு கடல் எதற்கு என்று மாடிப்படியில் பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். வரப்போகும் மாப்பிள்ளைக்கு என்றேன். என் மகள் நெவேனா டென்மார்க்கிலிருந்து ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பெயர் யெப்பே. கொட்டாவி விடும்போதே கூப்பிட்டுவிடலாம். நல்ல பையன், அதை நான் மறைக்க மாட்டேன். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பான், நம் பாஷையைத் தத்தித் தத்திப் பேசுவான், நான் காய்ச்சிய ராக்கியாச் சாராயத்தை முகம் சுளிக்காமல் குடிப்பான். பவழப்பாறை மீன்கள் என்றால் உயிரை விடுவான்.

கோடை முடிந்ததும் நெவேனாவை அழைத்துக்கொண்டு போய்விடுவதாக ஏற்பாடு. அவள் அம்மா இறந்த பிறகு எனக்கு அவள் ஒருத்திதான். அவளும் போய்விட்டால் நான் யாருக்காக அடுப்பு மூட்டுவேன்? தொட்டி ஒன்று இருந்தால் பையன் இங்கேயே தங்கிவிட மாட்டானா என்று நினைத்தேன். தூண்டிலில் புழு கோர்ப்பது மாதிரிதான், வேறொன்றும் இல்லை.

விற்றவர் எங்கள் தெருப் பல் டாக்டரம்மா, ஸ்டாங்கா. சாமான்களைக் கட்டிக் கொடுக்கும்போதே சொன்னார்.

"ஒக்னியான், அந்த ஹீட்டரை மட்டும் குப்பைல போட்டுருங்க. கண்ணாடி கீறிப்போயிருக்கு. உப்புத் தண்ணில கரண்ட் இறங்கிடும். நான் பல்லப் பிடுங்குறவ, உசிரப் பிடுங்குறவ இல்ல."

யெப்பேயும் நானும் தரையில் உட்கார்ந்து இரண்டு குவியல் போட்டோம். நுரை வடிகட்டி அருமையாக இருந்தது, வைத்துக்கொண்டோம். அலை எழுப்பும் பம்பில் சுண்ணாம்பு படிந்திருந்தது. வினிகரில் ஊறவைத்தால் ஓடும் என்றான், அதையும் வைத்தோம். ஊதா விளக்குகள் கரண்டைத் தின்னும், வேண்டாம். குழாய்கள் விறைத்துப்போயிருந்தன, வேண்டாம். ஹீட்டரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அவனே கழிக்கிற பக்கம் வைத்தான். அன்று முழுக்கச் சிரிப்புதான். எனக்கே அவனைப் பிடித்துப்போயிற்று.

இரவுச் சாப்பாட்டில்தான் சொன்னான்.

"மாமா, எல்லாம் நல்ல சாமான். கப்பல்ல ஏத்திரலாம். எங்க ஊர் போனதும் ஹால்ல வெச்சிரலாம்."

"தொட்டியையுமா?"

"தொட்டி, நெவேனா, ரெண்டும்," என்று சிரித்தான்.

நெவேனாவும் சிரித்தாள். "நீ லீவுக்கு வந்து மீனப் பாத்துட்டுப் போப்பா."

மறுநாள் அவர்கள் கடற்கரைக்குப் போன பிறகு ஹீட்டரை ஒரு குவியலிலிருந்து எடுத்து இன்னொரு குவியலில் வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். பிறகு வைத்துக்கொண்ட சாமான்களை எல்லாம் தொட்டியில் பொருத்தி, உப்புநீர் ஊற்றி, சுவிட்சைப் போட்டேன். ஹீட்டருக்குக் கல்லுக்குப் பின்னால்தான் இடம் இருந்தது. கீறல் தெரியவில்லை.

திரும்பி வந்தவன் தொட்டியைப் பார்த்துக் குதித்தான். ஒரு கல் சாய்ந்திருக்கிறது என்று சட்டைக் கையை மடித்தான். நெவேனா சமையலறையில் தர்ப்பூசணி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா, கரண்ட் அணைச்சாச்சா?"

நான் தலையை மேலும் கீழும் அசைத்தேன். நம் ஊரில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம். பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவன் ஊரில் அதுவே 'ஆமாம்' என்று ஆகிவிடுகிறது. ஊருக்கு ஊர் தலை மாறினால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அந்த வித்தியாசம் எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். வந்த அன்றே, வெள்ளரிக்காயும் தயிரும் போட்ட சூப்பை இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டதற்கு ஆசையாகத் தலையை மேலும் கீழும் ஆட்டினான். நான் கிண்ணத்தையே எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதிலிருந்து அவனுக்கு எதையும் வாயால்தான் சொல்வேன். அன்று ஒரு நாள் சொல்லவில்லை.

கையை விட்டான். பெரிதாகச் சத்தம்கூட இல்லை. நல்லவேளை, மீன்களை இன்னும் விட்டிருக்கவில்லை.

நெவேனா என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை. கொஞ்ச நாள் பழையபடி நாங்கள் இரண்டு பேர். காலையில் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பேன். அப்படிப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் கேட்டாள்.

"கரண்ட் ஓடுதுன்னு நீ அவன்கிட்ட சொல்லலியாப்பா?"

"அணைக்கலன்னு சொன்னேனே."

"வாயால சொன்னியா, தலையால சொன்னியா?"

காப்பி பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்துத் துடைத்துவிட்டுத் திரும்பினால் அவள் இல்லை. உங்களிடம் வந்திருக்கிறாள்.

கொன்றாயா என்று நேராகவே கேட்டுவிட்டீர்கள். இதற்கு வாயாலேயே சொல்கிறேன். ஆமாம், தெரிந்துதான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம். பெற்ற மகளின் கோபம் எத்தனை நாளைக்கு?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், ஐயா. முக்கிய சாட்சி என்பதால் வழக்கு முடியும்வரை நெவேனா இந்த ஊரிலேயேதான் இருக்க வேண்டும் என்று சொன்னீர்கள். மெதுவாகவே நடத்துங்கள். எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை.