எத்தினை பேரெண்டாலும் வாங்கோ

மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும். இரண்டு பக்கமும் தலைக்கு மேல் வளர்ந்த கரும்பு. நடுவில் ஒரு செம்மண் பாதை… முன்னால் ஆள் இல்லை, பின்னால் ஆள் இல்லை. அந்தப் பாதையில் தனியாக நடந்து போனவர் அருட்செல்வம். என்னோடு வேலை செய்கிற இரவீந்திரனின் சொந்த மச்சான். நோர்வேயில், ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் இருந்தவர், டாக்ஸி ஓடியவர். கதை கேட்கிறவர்களில் கதவடியில் இருப்பவர் கொஞ்சம் உள்ளே தள்ளி இருங்கள். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

2006 டிசம்பர், நத்தார் விடுமுறை. ஒஸ்லோ இருட்டுக்குத் தப்பி, மனைவி சிவமலரையும் ஏழு வயது மகள் அபிஷாவையும் கூட்டிக்கொண்டு கரீபியன் கடலில் குவாதலூப் தீவுக்குப் போயிருந்தார். போன மனிதர் மணலில் காலை நீட்டிப் படுத்தாரா? அதுதான் இல்லை. விடுதியில் கொடுத்த தாளில் ‘பார்க்க வேண்டியவை பத்து’ என்று போட்டிருந்ததாம். அதைக் கண்ட நேரத்திலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கண்ணாடித் தளம் வைத்த படகில் பவளப்பாறை பார்த்தாயிற்று. காட்டுக்குள் ஏறி அருவியில் குளித்தாயிற்று. எரிமலை உச்சியில் கந்தக நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தியாயிற்று. சந்தை, குதிரைச் சவாரி, சதுப்புக் காட்டில் தோணி… ஒவ்வொன்றாகப் பேனையால் வெட்டிக்கொண்டே போனார். ஒருநாளாவது இந்தக் கடலைச் சும்மா இருந்து பார்ப்போமே என்று சிவமலர் கெஞ்சியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

ஒன்பது முடிந்தது. பத்தாவது, பாழடைந்த சீனி ஆலை. மறுநாள் விமானம். தாயும் மகளும் வர மாட்டோம் என்று விட்டார்கள்.

தனியாகப் போனார்.

கூரை இல்லை. புகைபோக்கி மட்டும் நின்றது. ஆலை மூடி நூறு வருடம் என்று தாளில் இருந்தது. ஆனால் பாகு கருகுகிற மணம்… இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியது போல. சுவரோரம் ஒருவர் குந்தியிருந்தார். இடுப்பில் ஒரு துண்டு, வெறும் மேல், கழுத்துக் கயிற்றில் எண் பொறித்த ஒரு தகடு. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுச் சனத்தைக் கரும்பு வெட்ட அந்தத் தீவுக்குக் கப்பல் கப்பலாக ஏற்றிப் போனார்கள். சுற்றுலாக்காரருக்காக யாரோ அப்படி வேடம் போட்டு இருக்கிறார் என்று அருட்செல்வம் நினைத்தார். நல்ல ஏற்பாடு என்று சந்தோஷமும் பட்டார்.

அந்த மனிதர் நிமிராமலே கேட்டார். “ஊருக்குக் கப்பல் எப்ப வருங்க?”

தமிழ்! அந்தத் தேசத்தில் தமிழைக் கேட்டதும் அருட்செல்வத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இனி நம்முடைய ஆட்களின் வாயைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? ரயிலில் இரண்டு நிமிடம் கதைத்தவரையும் வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லாமல் இறங்க மாட்டோம். வர மாட்டார் என்ற தைரியத்தில்தான் பாதி அழைப்பு.

“கப்பலை ஏன் பாத்துக்கொண்டு இருக்கிறியள்? நோர்வேக்கு எங்கடை வீட்டை வாங்கோ. அங்கையிருந்து அனுப்பி விடுறன்.”

“எத்தினி பேரு வரலாம்?”

“எத்தினை பேரெண்டாலும் வாங்கோ,” என்று சிரித்தார்.

காற்று இல்லை… ஆனால் இரண்டு பக்கமும் கரும்பு சரசரத்தது. குந்தியிருந்த சனம் ஒரே நேரத்தில் எழும்பி நிற்கிற மாதிரி. அருட்செல்வம் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஆலையில் அப்படி வேடம் போட யாரும் இல்லை என்று விடுதியில் சொன்னார்கள்.

ஒஸ்லோ. ஜனவரி. பூச்சியத்துக்குக் கீழே பதினேழு பாகை உறைகுளிர். வந்த மூன்றாம் நாள் வேலை முடிந்து டாக்ஸியை நிறுத்திவிட்டு இறங்கியவர் அப்படியே நின்றார். பனியில் கால் தடங்கள். சப்பாத்துத் தடம் அல்ல… ஐந்து விரலும் தெரிகிற வெறுங்கால். அடுக்குமாடிக் கட்டடத்தின் கதவு வரை போயிருந்தன. வெளியே வந்த தடம் ஒன்றும் இல்லை. படியில் ஏறினால் கருகிய பாகின் மணம்.

மறுநாள் தடங்கள் கூடின. அதற்கடுத்த நாள் பாதையே மிதிபட்டுக் கிடந்தது. வீட்டு வாசலில் சப்பாத்துக் கழற்றுகிற இடம் காலையில் பார்த்தால் குளம். இரவில் கூடத்தில் இருமல்… ஒன்று ஓய இன்னொன்று. தண்ணீர்க் குழாய்ச் சத்தம் என்று சிவமலர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அபிஷாவைப் பார்க்கும் வரைதான் அந்தத் தேறுதல். பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டு படுத்திருந்தாள். போர்வை நிலத்தில் விரித்துக் கிடந்தது. ஏன் என்று கேட்டதற்கு, “அவையளுக்குக் குளிருதாம் அப்பா, பாவம்,” என்றாள். தொட்டால் ஐஸில் வைத்த மீன் மாதிரி உடம்பு. முப்பத்தைந்து பாகை. அவசர மருத்துவரிடம் ஓடினார்கள். குறை ஒன்றும் இல்லை, சூடாக வைத்திருங்கள் என்றார். மறுநாள் முப்பத்து நான்கு. அதற்கு மறுநாள் இன்னும் குறைந்தது, நகங்கள் நீலம்.

அன்றுதான் அருட்செல்வம் ஆலையில் நடந்ததை மனைவியிடம் சொன்னார். சிவமலர் கத்தவில்லை. “கூப்பிட்டது நீங்கள். பிள்ளை எங்களை விட்டுப் போக முதல் அவையளை அனுப்புங்கோ,” என்றார்.

எப்படி அனுப்புவது? வாங்கோ என்று கூப்பிட்ட வாயால் போங்கோ என்று சொல்வது எங்கள் வழக்கமா? பெற்ற மனம் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தது. அன்று விடியப்புறம் மூன்று மணிக்கு டாக்ஸியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். கதவெல்லாம் திறந்து வைத்தார்.

“கப்பல் வந்திட்டுது. ஏறுங்கோ.”

ஒன்றும் இல்லை… பிறகு டாக்ஸியின் பின்பக்கம் மெல்ல இறங்கியது. இன்னும் இறங்கியது. சக்கரம் மட்காட்டில் உரசும் வரை இறங்கியது. துறைமுகத்துக்கு மூன்று நடை ஓடினார். ஒவ்வொரு நடையும் கதவைத் திறக்க, வெறுங்கால் தடங்கள் பனியில் ஒவ்வொன்றாக விழுந்து, கரை விளிம்பு வரை போய் நின்றுவிடும். தண்ணீரில் ஒரு சலனம் கூட இல்லை.

கடைசி நடை. காதோரம், ஆலையில் கேட்ட அந்தக் குரல்.

“எல்லாரும் வந்தாச்சுங்களா?”

அருட்செல்வத்துக்கு வீட்டுக்கு ஓடவேண்டும், பிள்ளையைப் பார்க்கவேண்டும். யார் எண்ணிப் பார்த்தது? “ஓம், எல்லாரும் வந்தாச்சு,” என்றார்.

வீட்டில் சிவமலர் வாசலிலேயே நின்று அழுதார், சந்தோஷத்தில். பிள்ளையின் கன்னம் சிவந்திருந்தது. முப்பத்தாறரை. அருட்செல்வம் பல நாட்களுக்குப் பிறகு அடித்துப் போட்டது போல் தூங்கினார்.

பின்னேரம் அபிஷா ஒழுங்காகச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

“ஒரு பிள்ளையை விட்டிட்டீங்கள் அப்பா. என்ரை கட்டிலிலை நித்திரையாக் கிடந்தவள்.”

அருட்செல்வம் எழுந்து ஓடினார். போர்வையை உதறினார், கட்டிலுக்குக் கீழே பார்த்தார், அலுமாரியைத் திறந்தார். ஒருவரும் இல்லை. பிள்ளை கனவு கண்டிருக்கிறாள் என்று இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அவளை நேரத்தோடு படுக்க வைத்தார்கள்.

ஒன்பது மணி. கீழ்க்கதவு மணி அடித்தது. கீழே நிற்பவரோடு கதைக்கச் சுவரில் இருந்த பேசியை அருட்செல்வம் எடுத்துக் காதில் வைத்தார்.

சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிகிற சத்தம்… பற்கள் கிடுகிடுக்கிற சத்தம்… பிறகு ஒரு பெண் குரல். அவரைக் கூப்பிடவில்லை.

“பொன்னாத்தா… அடி பொன்னாத்தா…”

சிவமலர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அருட்செல்வம் பேசியைக் கொழுவியில் வைத்துவிட்டார். வைத்த பிறகும் குரல் கேட்டது. படியில்.

உள்ளறைக் கட்டில் கிரீச்சிட்டது. அபிஷாவின் குரல்தான்… பிறந்த நாளிலிருந்து அவர்கள் கேட்ட அதே குரல்.

“இந்தா வந்துட்டேன், ஆத்தா.”