இன்னும் கொஞ்சம் இறக்கு

பேசிட்டே இருங்கன்னா எதைப் பேசறது? பேச்சு என்ன குழாயா, திறந்து விட. ஒண்ணு ரெண்டு மூணு சொல்லட்டா? போதாதா? நீளமாப் பேசினாத்தான் சுருதி பிடிபடுமா? நல்ல ஆளைப் பிடிச்சே போ.

சரி, நான் இந்தப் பேசற மிஷினைக் கழுத்துல அழுத்திப் பிடிச்சுக்கறேன். நீ அடியில இருக்கற திருகைத் திருப்பு. மெதுவா. கேட்டியா, தகர டப்பாவுல வண்டு மாட்டின மாதிரி இருக்கு. எனக்கு ஆம்பளைக் குரல் வேணும், கனமா. பன்னெண்டரைக்கு ஒரு போன் பேசணும்மா. எடுக்கறவங்க என் குரலைக் கேட்டுட்டு வெச்சிடக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு. இன்னைக்கு நடக்கலேன்னா இந்த வாரமும் போச்சு.

யாருக்கா? அது உனக்கெதுக்கு. நீ திருகு.

உள்ளே வந்ததும் மெக்கானிக் எங்கன்னு உன்கிட்டயே கேட்டேன். மனசுல வெச்சுக்காதே. போன தடவை மீசைக்காரர் ஒருத்தர் உக்காந்திருந்தார். உங்கப்பாவா? ஓகோ. மகள்கிட்ட கடையைக் குடுத்துட்டு வீட்டுல இருக்காரா. மத்தியானம் சாப்பிட்டாரான்னு போன் பண்ணிக் கேப்பியா? தினமுமா? குடுத்து வெச்சவர்.

இல்லைம்மா, சும்மா சொன்னேன். இன்னும் கொஞ்சம் இறக்கு.

ரெண்டு வருஷம் ஆச்சு. ஆஸ்பத்திரியில குரல்வளையை எடுத்துட்டு கழுத்துல ஒரு ஓட்டை போட்டு அனுப்பினாங்க. மூச்சு அது வழியாத்தான். இந்தத் துணி அதை மறைக்கறதுக்கு. முதல் மூணு மாசம் நோட்டும் பேனாவும்தான். அரை கிலோ சர்க்கரைன்னு எழுதி நீட்டினா கடைக்காரன் கண்ணாடியைத் தேடறான். அவன் தேடி எடுத்து மாட்டறதுக்குள்ள எனக்குப் பின்னால வந்தவன் வாங்கிட்டு வீட்டுக்கே போயிடறான். ஒரு நாள் சலூன்ல கண்ணை மூடி உக்காந்திருந்தேன், மீசையை எடுத்துட்டான். பாதி போனப்பறம்தான் தெரிஞ்சுது. வேணாம்டான்னு சொல்ல வாயில்லை. மீதிப் பாதியையும் எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டிட்டு, நேரா இங்க வந்து இதை வாங்கினேன்.

சிரி, சிரி. நானும் சிரிச்சேன், உனக்குத்தான் கேக்கல. எனக்குச் சிரிப்புக்குச் சத்தம் கிடையாது. எதிர்ல இருக்கறவங்க என் மூஞ்சியைப் பார்த்தாத்தான் உண்டு. நீ குனிஞ்சிருந்தே.

இது வந்தப்பறம் யார் தயவும் இல்லை. பஸ்ல டிக்கெட் நானே கேட்டு வாங்கறேன். டாக்டர்கிட்ட தனியாப் போய், மாத்திரை ஒத்துக்கலேன்னு நானே சொல்றேன். பாங்க்ல வரிசையில குறுக்கே பூந்தான் ஒருத்தன். இதைக் கழுத்துல வெச்சு, ஏன்யா நாங்கல்லாம் வேடிக்கை பார்க்கவா நிக்கறோம்னேன். பேயடிச்ச மாதிரி கடைசிக்குப் போனான். ஒண்ணே ஒண்ணு, கழுத்துல இந்த இடத்தை தினமும் மழிக்கணும். முள்ளு முள்ளா முடி இருந்தா சத்தம் உள்ள இறங்காது, வெளியிலேயே கரகரன்னு நிக்கும். வீட்டுக்கு ஒருத்தரும் வரலேன்னாலும் மழிச்சுடுவேன். மழிச்சுட்டுக் கண்ணாடி முன்னால நின்னு ஒரு வார்த்தை சொல்லிப் பார்ப்பேன், சரியா வருதான்னு. சில நாள் அந்த ஒரு வார்த்தைதான் பேச்சே.

என்ன வார்த்தையா? ஏதோ வார்த்தை. வேலையைப் பார்.

என்னம்மா நீ, சொல்லாம கொள்ளாம கையிலேருந்து உருவறே. உனக்கு அது மிஷின், எனக்கு வாய். பேசிட்டிருக்கறவன் வாயைக் கழட்டி மேஜையில வெச்சுத் துடைப்பாங்களா? நான் கையை ஆட்டறேன், நீ பாட்டுக்கு ஊதிட்டிருக்கே. சரி விடு. தூசு போனதுல கொஞ்சம் திடமாத்தான் இருக்கு. இன்னும் இறக்கு.

நான் கட்டட மேஸ்திரி. ஸ்பீக்கர் மேஸ்திரின்னுதான் கூப்பிடுவாங்க. தரையில நின்னு ஒரு அதட்டல் போட்டா அஞ்சாவது மாடியில இருக்கறவன் கரண்டி நழுவும். வீட்டுலயும் அதே தொண்டைதான். தண்ணி கேட்டாலும் அதட்டல்தான், சாப்பிட்டியான்னு கேட்டாலும் அதட்டல்தான். பொண்டாட்டிக்கு மட்டும் எது கோவம், எது கோவமில்லைன்னு தெரியும். அவ போய்ச் சேர்ந்துட்டா.

இதுல அதட்ட முடியாது, கவனிச்சியா? எல்லாம் ஒரே சுருதி. இப்ப கேளு. வெளியே போ. வாம்மா. வித்தியாசம் தெரிஞ்சுதா? தெரியாது. ஆனா ஒண்ணு, கத்த முடியாதுன்னு ஆனப்பறம் எல்லாரும் கிட்ட வந்து கேக்கறாங்க. அறுபத்தெட்டு வயசு வரைக்கும் என்கிட்ட யாரும் இவ்வளவு பக்கத்துல நின்னு பேசினதில்லை.

போன்ல மட்டும்தான் வம்பு. நேர்ல ஆளைப் பார்க்கறாங்க, வாய் அசையுது, மனுஷன்னு தெரியுது. பாங்க்குக்குப் போன் போட்டா அங்க ஒரு மிஷின் எடுக்குது. உங்கள் தேவையைச் சொல்லவும்ங்குது. சொன்னேன். மன்னிக்கவும், புரியவில்லைங்குது. மறுபடியும் சொன்னேன். மறுபடியும் மன்னிக்கவும். ஒரு மிஷின் பேசறது இன்னொரு மிஷினுக்கே புரியல, பாத்துக்கோ. மனுஷங்க எடுத்தா அதைவிட மோசம். லோன் வேணுமா, வீட்டுமனை வேணுமான்னு பதிவு பண்ணின குரல் வருது பார், அதுன்னு நெனச்சு வெச்சிடறாங்க. மூணு செகண்ட். எண்ணியிருக்கேன். மூணு செகண்ட்ல என்ன சொல்ல முடியும்? நான்தான்னு ஆரம்பிக்கறதுக்குள்ள டொக்.

பதினோரு தடவை ஆச்சு. சனிக்கிழமை சனிக்கிழமை, பன்னெண்டரைக்கு. அதுதான் அவ சாப்பிடற நேரம். போன சனிக்கிழமை உடனே வெக்கல. வேணாங்க, ரொம்ப நன்றின்னு சொல்லிட்டு வெச்சா. மிஷின்கிட்டயும் மரியாதை. நான் வளர்த்த வளர்ப்பில்லை அது. அவங்க அம்மா வளர்ப்பு.

ஆமா. மகள்தான். ஒரே பொண்ணு.

நீ கையை நிறுத்தாதே. திருகிட்டே கேளு.

அவளுக்குத் தெரியாது. இந்த ஓட்டையும் தெரியாது, மிஷினும் தெரியாது. ஆபரேஷனுக்கு முன்னால, எனக்குக் குரல் கம்மிப் போய் மூணு மாசம். தொண்டையைக் காட்டினியாப்பா, காட்டினியாப்பான்னு தினம் போன். ஒரு நாள் லீவு போட்டுட்டு, டாக்டர்கிட்ட நேரமும் வாங்கிட்டு, வாசல்ல டாக்சியை நிறுத்திட்டு வந்து நின்னா. எனக்கு வந்துது பார் கோவம். என்னை நோயாளியாக்கி உன் வீட்டு மூலையில போடப் பார்க்கறியா, எனக்கு எவ தயவும் வேணாம், இனிமே இந்தப் படி ஏறாதேன்னு கத்தினேன். கம்மின தொண்டைதான். தெருவுக்கே கேட்டுது. இருந்த குரலையெல்லாம் அதுக்கே செலவு பண்ணிட்டேன். கூப்பிடக் கூடாதுன்னு போன் நம்பரை மாத்தினேன். அத்தோட விட்டேனா, வீட்டையும் மாத்தினேன்.

நாலு மாசத்துல ஆபரேஷன். மயக்க ஊசி போடறதுக்கு முன்னால நர்ஸ் கேட்டாங்க, கூட யாரு வந்திருக்காங்கன்னு. யாருமில்லேன்னேன். என் சொந்தக் குரல்ல நான் கடைசியாச் சொன்னது அதுதான்.

எழுதி அனுப்பலாம்தான். வாயால சொன்னதை வாயாலதானேம்மா திரும்ப எடுக்கணும். நேர்லயா? வாசல்ல போய் நின்னா அவ சொன்னது சரின்னு என் கழுத்தே சொல்லிடும். பார்த்த உடனே அழுவா. அப்புறம் நான் சொல்றதுக்கு என்ன இருக்கு? முதல்ல நான் சொல்லணும். அவ கேக்கணும். அப்புறம் அழட்டும்.

நில்லு. திருப்பாதே. இதுதான். இன்னொரு தடவை பேசறேன், கேளு. என் பழைய குரலுக்குக் கிட்ட வந்துடுச்சு. முழுசா இல்லை, கிட்ட. சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு பேசின மாதிரி.

மணி என்ன? பன்னெண்டு இருபத்தேழா.

இல்லை, எந்திரிக்கல. எவ்வளவு இறக்கினாலும் மூணு செகண்ட்ல இது மனுஷன்னு அவளுக்கு எப்படிம்மா தெரியும்? வீட்டுல உக்காந்து எல்லாம் யோசிச்சுட்டுத்தான் வந்தேன். ரெண்டு வருஷமா ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் கேட்டதில்லை. உன் போன்ல ஒரு நம்பரைப் போடு. எடுத்தா, வெச்சிடாதீங்க, இது மிஷின் இல்லை, உங்கப்பான்னு சொல்லு. அது போதும். மீதியை நான் பேசிக்கறேன்.

சீட்டெல்லாம் இல்லை, நம்பர் மனசுல இருக்கு. நான் சொல்லச் சொல்ல அழுத்து.

ம். ரிங் போகுது.

கண்ணாடி முன்னால என்ன வார்த்தைன்னு கேட்டியே. வாம்மா. அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்லை.

எடுத்துட்டா. நீ முதல்ல பேசு.