விமானங்கள் காத்திருந்த நேரம்

பேருதானே கேட்டீங்க? முறையாவே சொல்றேன், எழுதிக்குங்க. சொங்ஜு ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட தோ வம்சத்தில் இருபத்தாறாம் தலைமுறை. பெயர், தோ கி-சுன். வயது, அரசாங்கக் கணக்குப்படி எழுபத்திரண்டு, பிறந்தப்பவே ஒரு வயசுன்னு எங்க அம்மா போட்ட கணக்குப்படி எழுபத்து மூணு. பிறந்தது, பன்னண்டு வருஷத்துக்கு ஒருதரம் சுத்தி வர்ற பாம்பு வருஷம். இந்த வருஷமும் பாம்பு வருஷம்தான், அதையும் கவனத்துல வச்சுக்குங்க.

ஓ, அதைக் கேக்கலையா. அடையாள அட்டையிலயே இருக்கா. சரி, அப்ப வேற எதையோ கேட்டிருக்கீங்க. அதுக்கும் வரேன். எதுவும் வரிசையா வந்தாத்தான் எனக்குச் சொல்ல வரும்.

நீங்க சாப்பிடுங்கம்மா. மத்தவங்கெல்லாம் சாப்பிடப் போயிட்டாங்க, உங்க ஒரு ஜன்னல்தான் தொறந்திருக்கு. எனக்குப் பின்னால ஒரு ஈ காக்கா இல்ல. அந்த கிம்பாப் சோத்துச் சுருளைப் பிரிச்சு வச்சிட்டு எவ்வளவு நேரம் பாத்துக்கிட்டிருப்பீங்க, ஓரமெல்லாம் காஞ்சு போயிடும். முகமூடியக் கழட்டினீங்களே, அதுவே நல்ல காரியம். சாப்பிடுங்க, நான் பேசறேன். நீங்க பதில் சொல்லணும்னு ஒண்ணும் கட்டாயமில்ல.

விஷயம் இதுதான். போன நவம்பர்ல கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதினேன். மார்க் சரியா வரல. மறுபடி எழுதறதா, இதோட விட்டுடறதா, இன்னைக்குள்ள முடிவு பண்ணியாகணும், ஏன்னா விண்ணப்பம் குடுக்க இன்னைக்குத்தான் கடைசி நாள், அஞ்சு மணிக்கு நீங்க ஜன்னலைச் சாத்திடுவீங்க. காலைல நீங்க கதவு தொறக்கறப்பவே நான் வாசல்ல நின்னேனே, பாத்திருப்பீங்க. டோக்கன் எடுத்தேன். நம்பர் வந்துச்சு. பக்கத்துல நின்ன பையன்கிட்ட, தம்பி நீ போப்பான்னு குடுத்துட்டேன். இன்னொண்ணு எடுத்தேன், அதையும் குடுத்துட்டேன். அந்தப் பசங்கல்லாம் என்னை ஏதோ புண்ணியவான்னு நினைச்சிருக்கும். கும்பிட்டுட்டுப் போச்சுங்க. எனக்கு உக்கார முடியல, நிக்கவும் முடியல. வெளிய போய் அந்த மரத்தச் சுத்திட்டு வந்தேன். காபி மெஷின் கூட என்னைப் பாத்து அலுத்துப் போச்சு.

மார்க்கா? சொல்றதுக்கு என்ன. கொரிய மொழி, மூணாம் படி. வரலாறு, ஒண்ணாம் படி. ஒண்ணு உச்சம், ஒம்போது பாதாளம்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அதனால அந்த ரெண்டுலயும் எனக்குத் தலைகுனிவு கிடையாது. கணக்கு, ஏழு. அதைப் பத்திப் பேச வேண்டாம், அது பிறவிக் கோளாறு. ஆங்கிலம், எட்டு. அதுதான் கழுத்தப் பிடிச்சது. நான் சேரணும்னு நினைச்ச வரலாற்றுத் துறையில, ஆங்கிலம் ஆறாவது வேணும்னு எல்லை போட்டுட்டாங்க. ரெண்டு படி. வாசப்படிதானே, தாண்டிடலாம்னு பாத்தா முட்டி இடிக்குது.

இல்லம்மா, படிக்காம இல்ல. ஆரம்பப் பள்ளியோட நின்னவன் நான். பதினாலு வயசுல தேகு பட்டணத்துல நெசவு மில்லுக்குப் போயிட்டேன். நூல் கண்டு பழைய பத்திரிகைல சுத்தி வரும். அந்தத் தாளை நீவி நீவித்தான் அதுக்கு மேல படிச்சேன். தலையங்கம் வந்த பக்கம் கிடைச்சா அன்னைக்கு எனக்கு விருந்து. பாதியில கிழிஞ்சிருக்கும், மீதிய நானே மனசுல எழுதி முடிச்சுக்குவேன். நான் அப்பப்ப தலையங்கம் மாதிரிப் பேசறது அங்க ஒட்டினதுதான். அறுபத்தெட்டு வயசுக்கு மேல தனித்தேர்வா எழுதி நடுநிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி ரெண்டும் முடிச்சேன். ஒரு வாத்தியார் முகத்தைப் பாத்ததில்ல. ஆங்கில வார்த்தையெல்லாம் சீட்டுல எழுதிக் கழிப்பறைச் சுவர்ல ஒட்டினேன். எங்க வீட்டம்மா சொல்லுவா, இந்த மனுசன் உள்ள போனா அரசாங்கமே கவுந்தாலும் வெளிய வரமாட்டாருன்னு. ஆனா அவதான் சீட்டு நனையாம இருக்க மேல டேப் ஒட்டிக் குடுத்தா.

என்ன கேட்டீங்க? கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி... ஆமா, ஆமா. வேற கல்லூரியா? இருக்கே. பக்கத்து ஊர்ல ஒரு ரெண்டு வருஷக் கல்லூரி. வயசானவங்களுக்குன்னு தனியா இடம் ஒதுக்கி வச்சிருக்காங்க, மார்க்கே பாக்கல, வாங்க ஐயா வாங்கன்னு மாலை போடாத குறை. நான் வேண்டாம்னுட்டேன். எம் பொண்ணு ஹியே-ரானுக்கு அந்தக் கோவம் இன்னும் ஆறல. அப்பா, அவங்க என்ன பிச்சையா போடறாங்க, கூப்பிட்டு உக்கார வைக்கறாங்க, உங்களுக்கு என்ன கேடுன்னு கேக்குறா. நான் சொன்னேன், அது நரைச்ச தலைக்குக் குடுக்கற இடம், எனக்குக் குடுக்கற இடமில்ல. பதினெட்டு வயசுப் பய எந்த வாசல்ல போறானோ அதே வாசல்ல போகணும், அதே கேள்வித்தாள், அதே பேனா. சலுகைன்னு ஒண்ணு என் பேருக்கு எதிர்ல எழுதப்படக் கூடாது. இது என் கொள்கை.

கொள்கைன்னு சொன்னா வீட்டம்மா என்ன சொல்றா தெரியுமா? கொள்கைய ரெண்டு வேளை பொங்கிப் போடறேன், தின்னுட்டுப் படுங்கன்னா.

பூங்காவில என்கூட சதுரங்கம் ஆடுற குவக் அப்படின்னு ஒருத்தன். அவன் வாய் இருக்கே, அது வாயில்ல. ஏண்டா கி-சுன், படிப்பு நாலு வருஷம், உனக்கு நாலு வருஷம் பாக்கி இருக்கான்னு கேக்குறான். நான் சொன்னேன், உனக்கு இல்லன்னா சொல்லு, இந்த ஆட்டத்த சீக்கிரம் முடிச்சிடறேன். அதுக்கு அவன், இல்லடா, பட்டமளிப்புக்கும் கருமாதிக்கும் ஒரே கறுப்பு அங்கியாப் போட்டு செலவ மிச்சம் பண்ணிடு அப்படிங்கறான். ரெண்டு பேரும் சிரிச்சோம். ஆனா வீட்டுக்கு வந்து படுத்தா அந்த நாலு வருஷத்த விரல் விட்டு எண்ணிக்கிட்டிருக்கேன்.

சிரிங்கம்மா, பரவாயில்ல. தண்ணி குடிங்க, பொரை ஏறிடப் போகுது.

பரீட்சை அன்னைக்கு நடந்ததச் சொல்லணும். பதினாலாந்தேதி, வியாழக்கிழமை. பொண்ணு போன் பண்ணி, அப்பாவுக்குக் கடல்பாசி சூப்பு மட்டும் வச்சுடாதம்மா, அது வழுக்கற மாதிரி பரீட்சையும் வழுக்கிடும்னு ஞாபகப்படுத்தினா. வீட்டம்மா விடிகாலைலயே முட்டையும் சோறும் கட்டித் தந்தா. வாசல்ல சின்னப் பசங்க மேளம் தட்டி, அண்ணன்மாரே வெற்றி வெற்றின்னு கத்திக்கிட்டு நிக்குதுங்க. என்னைப் பாத்ததும் கப்புனு நிறுத்திட்டு, வணக்கம் சார்னு வரிசையா குனிஞ்சுதுங்க. கண்காணிக்க வந்த வாத்தியார்னு நினைச்சுட்டாங்க. அறைக்குள்ள போனா அங்கயும் அதே கதை, எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க. நான் போய்க் கடைசி வரிசையில உக்காந்தேன். முன்னால இருந்த பையன் திரும்பித் திரும்பிப் பாத்தான். அப்புறம் ஒரு மிட்டாய எடுத்து என் மேசையில வச்சான். கல்லூரியில போய் ஒட்டிக்கணும்னு தர்ற பிசின் மிட்டாய், உங்களுக்குத் தெரியும். பாஸாயிடலாம் தாத்தா அப்படின்னான்.

முதல் பாடத்துக்கு முன்னாடி கண்காணிக்கற அம்மணி ஒருத்தங்க பை எடுத்துக்கிட்டு வந்தாங்க. கைபேசி, கடிகாரம், மின்சாரத்துல ஓடற எதுவா இருந்தாலும் உள்ள போடணும், இல்லன்னா முழுப் பரீட்சையும் செல்லாது. எல்லாரும் போட்டாங்க. நானும் போட வேண்டியதப் போட்டேன்.

மொழிப்பாடம் நல்லா எழுதினேன். கணக்குல தூங்கினேன். மத்தியானச் சோத்துக்கு அப்புறம் ஆங்கிலம். முதல்ல காதால கேட்டு எழுதறது, பதினேழு கேள்வி. அந்த அரைமணி நேரம் நம்ம நாடு என்ன பாடுபடும்னு உங்களுக்கே தெரியும். ஒரு விமானம் ஏறக் கூடாது, இறங்கக் கூடாது. வந்ததெல்லாம் மேகத்துக்கு மேலயே வட்டம் போட்டுக்கிட்டு நிக்கும். லாரிக்காரன் ஹாரன் அடிக்க மாட்டான். கட்டடம் கட்டறவன் சுத்தியலக் கீழ வச்சிடுவான். ராணுவமே துப்பாக்கிப் பயிற்சிய நிறுத்திடும். ஒரு தேசம் முழுக்க மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, அஞ்சு லட்சம் பேருக்குக் காது கேக்கணும்னு. அந்த அஞ்சு லட்சத்துல நானும் ஒருத்தன். அத நினைச்சப்ப எனக்கு நெஞ்சு விம்மிடுச்சும்மா. எனக்காக எப்பவாவது ஒரு தறி நின்னிருக்கா? அன்னைக்கு எனக்காக விமானம் நின்னுது.

பதினேழுக்கும் மூணாவது விடையவே கறுப்பாக்கிட்டு வந்தேன்.

தெரியாமயா? இல்ல. ஒலிபெருக்கி சரியில்ல. வீட்ல அப்படித்தான் சொன்னேன். பக்கத்துப் பய விடாம மூக்க உறிஞ்சினான், அதையும் சொன்னேன். சூடேத்தற மெஷின் இரைச்சல்னும் சொன்னேன். பொண்ணு கேட்டுக்கிட்டே இருந்தா. அப்புறம், அப்பா, அந்த ரூம்ல மத்த இருபத்து மூணு பேருக்கும் அதே ஒலிபெருக்கிதானேன்னா. நான் எழுந்து தண்ணி குடிக்கப் போயிட்டேன்.

இப்பத்தான் நீங்க கேட்டது புரிஞ்சுது. நேரா என்னைப் பாத்துக் கேட்டீங்க. ஏதாவது தனி ஏற்பாடு வேணுமான்னு. போன வருஷமும் இதே ஜன்னல்ல இதையேதான் கேட்டாங்க. அப்ப இருந்தவரு கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே கேட்டாரு. பக்கத்துல நின்னவங்க தலையாட்டினதப் பாத்து நானும் வேண்டாம்னு தலையாட்டிட்டேன். தலையாட்டிட்டு, அப்புறமாத்தான் தனி ஏற்பாடுன்னா என்னன்னு சுவத்துல ஒட்டியிருந்த அறிவிப்பப் படிச்சேன். அப்பயும் திரும்பி வந்து மாத்தியிருக்கலாம். விண்ணப்பத்துல டிக் பண்ற கட்டத்துக்கு மேல போட்டிருந்த தலைப்பு இருக்கு பாருங்க, ஊனமுற்றோர்னு, அது பிடிக்கல. வெளிய போயிட்டேன்.

மில்லுல நானூறு தறி ஒரே கூரைக்குக் கீழ ஓடும். கத்தினாலும் பக்கத்துல இருக்கறவனுக்குக் கேக்காது. அதனால அங்க யாரும் கத்தறதே இல்ல. உதட்டப் பாத்தே பேசிக்குவோம். எங்க வீட்டம்மாவ நான் பொண்ணு கேட்டதே ரெண்டு வரிசை தள்ளி நின்னு, ஒரு சத்தமில்லாம. அவளும் சத்தமில்லாமயே சரின்னா. மேஸ்திரிக்குத் தெரியல, பக்கத்துத் தறிக்காரிக்குத் தெரிஞ்சுடுச்சு, அவளும் உதடு படிப்பாளே. அப்படியே முப்பத்தோரு வருஷம் ஓடிப் போச்சு. தறி நின்னப்புறம்தான், உலகத்துல மத்தவங்கெல்லாம் வேற மாதிரிப் பேசிக்கறாங்கன்னே தெரிஞ்சுது. கொரோனா முகமூடி காலம் வந்துச்சு பாருங்க, ரெண்டு வருஷம் நான் யாரோடயும் பேசல. எல்லாரும் வியாதிக்குப் பயந்தாங்க, நான் துணிக்குப் பயந்தேன். பொண்ணுதான் காதுல மாட்டற மெஷின் வாங்கிக் குடுத்தா. அதைத்தான் பரீட்சை அன்னைக்குக் கைபேசியோட சேத்துப் பையில போட்டேன். முன்கூட்டியே எழுதிக் குடுத்தவங்க வச்சுக்கலாமாம். நான்தான் குடுக்கலியே. வச்சிருந்தாலும் பெரிசா ஒண்ணுமில்லம்மா. அதுல இரைச்சல் வரும், பேச்சு வராது. மனுசன்னா முகம் இருக்கு. அந்த ஒலிபெருக்கிப் பெட்டிக்கு உதடு இல்லையே.

அதனாலதான் நான் வந்ததுலேர்ந்து நிறுத்தாம பேசிக்கிட்டிருக்கேன். நான் பேசறவரைக்கும் யாரும் என்னை எதுவும் கேக்க மாட்டாங்க. உங்க வாயில சோறு இருந்ததும் எனக்கு வசதியாப் போச்சு.

மறுபடி எழுதற தெம்பு எனக்கு இருக்கு. போன மாசமே கணக்குப் புஸ்தகம் கூட வாங்கிட்டேன். இந்தக் கட்டம் ஒண்ணுதான் காலைலேர்ந்து என்னை மரத்தச் சுத்த வச்சுது. காதால கேக்கறதுக்குப் பதிலா அந்தப் பதினேழையும் தாள்ல அச்சடிச்சுத் தருவாங்களாமே. அச்சுல வந்தா நான் படிச்சுடுவேன், கிழிஞ்ச பாதியா இருந்தாலும் படிச்சுடுவேன். டாக்டர் குடுத்த சான்றிதழ் இந்தாங்க, முத்திரையெல்லாம் இருக்கு. தலைப்ப நான் பாக்கல, நீங்களே டிக் பண்ணிடுங்க. காது கேக்காதுன்னு போட்டுக்குங்க. முழு வாக்கியமாவே போடுங்க, தோ கி-சுனுக்குக் காது கேக்காது.

கையெழுத்து இங்கயா? தேதியும் நானே எழுதணுமா? எழுதறேன். இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு, செப்டம்பர் மாதம் ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை.